அந்த ஒரு நாழிகை

(கரமனையில் நடந்த தொடர்கல்வி வகுப்புக் கூட்டத்தில் ஓர் எழுத்தறிவுத் தொண்டர் பேசிய பேச்சு)



இந்த வகுப்பில் நாம் பல விஷயம் பேசியிருக்கிறோம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது பற்றிப் பேசினோம். எலிக்காய்ச்சல் பற்றிப் பேசினோம். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது பற்றிப் பேசினோம். இன்று பேசப் போவதும் சுகாதாரம்தான். ஆனால் இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. நடந்த வீட்டுக்கு வெளியே நின்று காதோடு காதாகப் பேசுவார்கள். நாலு நாளில் மறந்து போவார்கள்.

தற்கொலையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

"இது அவரவர் தலையெழுத்து. இதில் நாம் என்ன செய்ய முடியும்?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் அம்மை நோயையும் தலையெழுத்து என்றுதான் சொன்னார்கள். இன்று பெரியம்மை உலகத்திலேயே இல்லை. தடுக்க முடியும் என்று தெரிந்த பிறகு எதுவும் தலையெழுத்து இல்லை. தற்கொலையையும் தடுக்க முடியும். தடுத்துக் காட்டிய நாடு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

உலகத்தில் ஓர் ஆண்டில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தற்கொலையால் இறக்கிறார்கள். இது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இவர்களில் நாலில் மூன்று பங்கு பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள்.

நம் இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,70,924 பேர் இப்படி இறந்தார்கள். ஒரு நாளைக்கு என்று வகுத்துப் பாருங்கள். 468 பேர் வரும். இவர்களில் நாலில் ஒருவர் தினக்கூலிக்குப் போனவர். பத்தில் ஏழு பேர் ஆண்கள்.

கேரளத்தின் கணக்கைக் கேளுங்கள். 2022-இல் இந்தியா முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 1 லட்சம் பேருக்கு 12 பேர் இறந்தார்கள். கேரளத்தில் 1 லட்சம் பேருக்கு 28 பேருக்கு மேல். இரண்டு மடங்குக்கும் அதிகம்.

நம் மாநிலம் படித்த மாநிலம். 1991 ஏப்ரல் 18-ஆம் நாள் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கோழிக்கோட்டில் அறிவித்தார்கள். அது நமக்குப் பெருமை. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த நமக்கு, மனத்தில் இருப்பதை இன்னொருவரிடம் சொல்லத் தெரியவில்லை. அடுத்தவர் சொன்னால் உட்கார்ந்து கேட்கத் தெரியவில்லை. இந்தப் பாடத்தையும் நாம் படிக்க வேண்டும்.

ஏன் இப்படி நடக்கிறது?

ஒருவர் இறந்ததும் ஊர் ஒரே ஒரு காரணத்தைத் தேடும். "கடன்" என்பார்கள். "பெண்டாட்டியோடு சண்டை" என்பார்கள். "பரீட்சையில் தோற்றான்" என்பார்கள். உண்மையில் காரணம் ஒன்றாக இருப்பதில்லை.

ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்ளுங்கள். மழை பொய்த்து வாழை சாய்ந்து போகிறது. அதற்கு முன்பே மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கிய கடன் இருக்கிறது. அந்தக் கவலையில் அவர் குடிக்கத் தொடங்குகிறார். குடியால் வீட்டில் சண்டை வருகிறது. தூக்கம் கெடுகிறது. உடம்பு தளர்கிறது. மனம் நோய்ப்படுகிறது. ஒரு மூட்டை மேல் இன்னொரு மூட்டையாக ஏறிக் கொண்டே போகிறது. கடைசியில் ஒரு சின்ன வாய்ச்சண்டை வருகிறது. ஊர் அந்தச் சண்டையை மட்டும்தான் பார்க்கிறது.

மனச்சோர்வு என்பதும் ஒரு நோய்தான். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு போல அதற்கும் மருந்து உண்டு. ஆனால் நம் ஊரில் ஒருவர் மனநல டாக்டரைப் பார்த்தால் என்ன சொல்கிறோம்? "ஊளம்பாறைக்குப் போக வேண்டிய ஆள்" என்று கிண்டல் செய்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே பலர் டாக்டரிடம் போவதில்லை. இனி அந்தச் சொல்லை விட்டுவிடுவோம்.

கடனும் அப்படித்தான். நம் நாட்டில் 'பிளேடு' என்று சொல்கிற வட்டிக்காரர்களின் தொல்லை உங்களுக்குத் தெரியும். 2014-இல் கேரளக் காவல்துறை 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் அவர்கள் மேல் நடவடிக்கை எடுத்தது. மிரட்டி வட்டி கேட்பது குற்றம். போலீசில் புகார் கொடுக்கலாம். விவசாயிகளின் கடனுக்கு வழி காண 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விவசாயிகள் கடன் நிவாரண ஆணையமும் ஏற்பட்டது. கடனுக்கு வழி உண்டு. போன உயிருக்கு வழி இல்லை.

இலங்கை காட்டிய வழி

இப்போது அந்தப் பக்கத்து நாட்டுக் கதைக்கு வருவோம். அது இலங்கை.

1995-இல் இலங்கையில் 1 லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிக அதிகமான கணக்குகளில் அது ஒன்று. அதிலும் கிராமங்களில்தான் அதிகம். வயல்வேலை செய்கிறவர்கள், இளம் வயதுக்காரர்கள், வீட்டுப் பெண்கள் என்று பலர் போனார்கள்.

டாக்டர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தவர்களிடம் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார்கள். அப்போது ஓர் உண்மை தெரிந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் வெகுநாள் திட்டம் போட்டவர்கள் இல்லை. அரைமணி நேரம்கூட யோசிக்காதவர்கள். கோபம், அவமானம், அழுகை ஒன்றாகப் பொங்கிய நேரம் அது. அந்த நேரத்தில் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் பயிருக்கு அடிக்கும் மருந்து இருந்தது. அவ்வளவுதான்.

நம் பெரியவர்கள் நாழிகைக் கணக்குச் சொல்வார்கள். ஒரு நாழிகை என்றால் 24 நிமிடம். ஏறக்குறைய அந்த ஒரு நாழிகைதான் ஆபத்து. அதைத் தாண்டிவிட்டால் மனம் மெல்ல இறங்கும். அழுகை வரும். பசி வரும். யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்காருவார். தப்பிப் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. வாழவே செய்கிறார்கள்.

சிலர், "சாக நினைத்தவரை யாராலும் தடுக்க முடியாது" என்பார்கள். அது தவறு என்று இலங்கை காட்டிவிட்டது. எப்படி?

அந்த நாட்டில் 1980-இல் பூச்சிமருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை வைத்து மிகக் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகக் கடையிலிருந்து எடுத்தார்கள். 1984-இல் சிலவற்றைத் தடுத்தார்கள். 1995-இல் மேலும் பல. 1998-இல் இன்னொன்று. 2008 முதல் 2011 வரை மீதிச் சிலவற்றை எடுத்தார்கள். அவற்றுக்குப் பதிலாக, உயிருக்கு அவ்வளவு ஆபத்து இல்லாத மருந்துகளை விவசாயிகள் பயன்படுத்தினார்கள். நெல் விளைச்சல் குறையவில்லை. காய்கறி விளைச்சலும் குறையவில்லை.

2015-க்குள் தற்கொலைச் சாவு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்துவிட்டது. 1995 முதல் 2015 வரை 20 ஆண்டுகளில் சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 93,000 பேர்! திருவனந்தபுரத்தில் பெரிய மைதானம் எல்லாம் நிரம்பி வழியும் கூட்டம் அது.

இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். அந்த 20 ஆண்டும் இலங்கைக்கு நல்ல காலம் இல்லை. 2009 வரை அங்கே போர் நடந்தது. 2004-இல் சுனாமி வந்தது. வறுமையும் துயரமும் இருந்தன. அப்படி இருந்தும் சாவு குறைந்தது. துயரம் முழுவதும் தீரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆபத்தைக் கைக்கெட்டாத தூரத்தில் வைத்தாலே உயிர் பிழைக்கும். இதுதான் இந்தக் கதையின் சாரம்.

நம் கேரள அரசும் 2011-இல் கொடிய பூச்சிமருந்துகள் பலவற்றின் விற்பனையைத் தடுத்தது. தமிழ்நாட்டிலும் 2023-இல் ஒரு கொடிய எலிமருந்துக்குத் தடை வந்தது.

காட்டுமன்னார்கோயில் விவசாயிகள்

தமிழ்நாட்டுக் கதை ஒன்றையும் சொல்கிறேன். சென்னையில் 'சிநேகா' என்ற அமைப்பு இருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் அதைத் தொடங்கினார். மனம் உடைந்தவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது அதன் வேலை.

அந்த அமைப்பு கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் இரண்டு கிராமங்களில் ஒரு முயற்சி செய்தது. ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம் கட்டினார்கள். உள்ளே பேங்க் லாக்கர் போலப் பூட்டுள்ள பெட்டிகள். ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பெட்டி. பயிர்மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைத்துப் பூட்ட வேண்டும். தேவைப்படும் போது எடுத்துக்கொண்டு நேரே வயலுக்குப் போகலாம். இதனால் அந்தக் கிராமங்களில் பூச்சிமருந்தால் வரும் சாவு நன்றாகக் குறைந்தது. 2013-இல் இந்த முடிவை வெளியிட்டார்கள்.

அப்படியானால் வீட்டுக்கு ஒரு பெட்டி கொடுத்தால் போதுமே என்று தோன்றும். இலங்கையில் அதையும் செய்து பார்த்தார்கள். வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிக் கிராமங்களில் வீடு வீடாகப் பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. பலன் இல்லை. காரணம் புரிகிறது அல்லவா? வீட்டுப் பெட்டியின் சாவி வீட்டில்தான் இருக்கும். பல நாள் பூட்டாமலும் கிடக்கும்.

ஆகவே, பூட்டு மட்டும் போதாது. தூரம் வேண்டும். அதைவிட நல்லது, கொடிய மருந்து ஊருக்குள்ளேயே வராமல் இருப்பது.

நாம் என்ன செய்யலாம்?

"நாங்கள் டவுனில் இருக்கிறோம். எங்களுக்கு வயல் ஏது?" என்று கேட்க வேண்டாம். நம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பாப்பனங்கோடு, நேமம் வழியாகக் கொஞ்சம் போனால் வெள்ளாயணி. அங்கே பயறும் கீரையும் விளைகிறது. நம்மில் பலருக்கு நெய்யாற்றின்கரையிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் சொந்தக்காரர்கள் உண்டு. அவர்களிடம் சொல்லுங்கள்.

பயிர்மருந்தைத் தேவைக்கு மேல் வாங்க வேண்டாம். மிச்சத்தை வீட்டில் வைக்க வேண்டாம். புட்டியின் மேல் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும். அது எந்த நிறமானாலும் உள்ளே இருப்பது நஞ்சுதான். இன்னொரு புட்டியில் ஊற்றி வைக்கவே கூடாது. மாத்திரைகளையும் கவனியுங்கள். பழைய மாத்திரைகளை அலமாரியில் சேர்த்து வைக்காதீர்கள். வீட்டில் யாராவது மனம் உடைந்து இருக்கும் நாட்களில் இப்படிப்பட்டவற்றை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்

ஒருவர் மனம் தளர்ந்திருக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? சில அடையாளங்கள் உண்டு.

முன்பு கலகலப்பாக இருந்தவர் ஒதுங்கி இருப்பார். சரியாகத் தூங்க மாட்டார். சாப்பிட மாட்டார். குடி அதிகமாகும். "நான் இருந்து என்ன பயன்?" "நான் எல்லோருக்கும் பாரம்" என்று சொல்வார். தனக்குப் பிடித்த பொருளைப் பிறருக்குக் கொடுப்பார். திடீரென்று எல்லோரிடமும் விடைபெறுவது போலப் பேசுவார்.

"சாகிறேன் என்று சொல்கிறவன் சாகமாட்டான்" என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பாதீர்கள். சொன்னவர் உதவி கேட்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் உட்காருங்கள். "உங்கள் முகம் நன்றாக இல்லையே அண்ணே, என்ன விஷயம்?" என்று கேளுங்கள். "வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அப்படி வராது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவர் காத்திருப்பார்.

அவர் பேசும் போது குறுக்கே பேசாதீர்கள். "இதெல்லாம் ஒரு கவலையா?" என்று சொல்லாதீர்கள். "குழந்தைகளை நினைத்தாயா? கோழை!" என்று திட்டாதீர்கள். ஏற்கெனவே தன்னைத் திட்டிக்கொண்டு இருப்பவர் அவர். ஆபத்து என்று தோன்றினால் தனியே விடாதீர்கள். ரகசியம் என்று மூடி வைக்காதீர்கள். வீட்டுக்காரர்களிடம் சொல்லி, கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

ஆபத்து நேர்ந்துவிட்டால்?

உடனே 108-க்குப் போன் செய்து ஆம்புலன்சை வரவழையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கைவைத்தியம் எதுவும் செய்யாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும். பக்கத்தில் புட்டியோ மாத்திரை அட்டையோ கிடந்தால் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். டாக்டர் அதைப் பார்த்துச் சரியான மாற்றுமருந்து கொடுப்பார்.

"போலீஸ் கேஸ் ஆகிவிடுமே" என்று பயந்து வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தத் தாமதத்தால் போன உயிர்கள் பல. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு தற்கொலை முயற்சி இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வந்தது. முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. 2024 ஜூலை 1-ஆம் நாள் புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் அந்தப் பழைய 309-ஆம் பிரிவே இல்லை. ஆகவே பயம் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த வீட்டுக்குப் போங்கள்

என் வகுப்பில் ஓர் அக்கா படித்தார். கையெழுத்துப் போடப் பழகி, பஸ் போர்டு படிக்கத் தொடங்கியிருந்தார். அவர் வீட்டில் இப்படி ஒரு சாவு நடந்தது. அதன் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். "பிள்ளை போனது ஒரு துக்கம். தெருவில் யாரும் என் முகத்தைப் பார்க்காதது இன்னொரு துக்கம்" என்றார். அடுத்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகூட அவர் வீட்டுக்கு வரவில்லை. சகுனம் பார்த்தார்களாம். மூன்று மாதம் வாரம் ஒரு முறை நான் போனேன். பாடம் எதுவும் நடத்தவில்லை. அவர் பேசினார், நான் கேட்டேன். ஒருநாள் அவரே, "பலகையை எடு" என்றார்.

மற்ற சாவு வீட்டுக்குப் போவது போலவே அந்த வீட்டுக்கும் போங்கள். காப்பி கொண்டு போங்கள். "ஏன் நடந்தது? எப்படி நடந்தது?" என்று துருவிக் கேட்காதீர்கள். இறந்தவரைப் பற்றிய நல்ல நினைவுகளைப் பேசுங்கள். பதினாறாம் நாளோடு நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் கழித்தும் ஒரு எட்டுப் போய் வாருங்கள். அப்படித் துக்கப்படும் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. நம் வருகையே அவர்களுக்கு மருந்து.

நீங்கள் இன்று எழுத வேண்டிய எண்கள்

நோட்டை எடுங்கள். பென்சிலை எடுங்கள். இன்றைய எழுத்துப் பயிற்சி இதுதான்.

14416. இது மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கினார்கள். இரவும் பகலும் பேசலாம். காசு இல்லை. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.

1056. இது கேரள அரசின் 'திசா' எண்.

104. இது தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு.

108. இது ஆம்புலன்ஸ்.

இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அயல்கூட்டம் நடக்கும் இடத்தில் ஒட்டுங்கள். பயிர்மருந்துக் கடைக்காரரிடமும் ஒரு தாள் கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய எழுத்து ஒருவர் உயிரைக் காக்கட்டும்.

இங்கே இருப்பவர்களில் யாருக்காவது மனத்தில் பாரம் இருந்தால், இன்று இரவே ஒருவரிடம் சொல்லுங்கள். என்னிடமும் சொல்லலாம். ஆஷாத் தொண்டரிடம் சொல்லலாம். இந்த எண்களில் முகம் தெரியாத ஒருவரிடமும் சொல்லலாம். சொல்வதில் வெட்கம் இல்லை. பொங்கி வருகிற அந்த ஒரு நாழிகையைத் தனியே கடக்க வேண்டாம். கூட ஓர் ஆள் இருக்கட்டும்.



கலந்து பேசுவோம்

1. உங்கள் தெருவில் சமீபத்தில் கலகலப்புக் குறைந்து ஒதுங்கியிருப்பவர் யார்? இந்த வாரம் அவரைப் பார்க்க யார் போவது?

2. பயிர்மருந்தை வீட்டில் வைக்காமல் வேறு எங்கே வைக்கலாம்? ஊருக்குப் பொதுவான இடம் ஒன்று உண்டா?

3. வட்டிக்காரர் மிரட்டினால் அயல்கூட்டம் என்ன செய்ய முடியும்?

4. 14416, 1056, 108 ஆகிய எண்களைப் பார்க்காமல் எழுதுங்கள். வீட்டில் உள்ள இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுங்கள்.